நாணல் கொடுத்த பலம்

கடலூர் ஜில்லாவில் இரண்டு விதமான கரும்பு உண்டு. ஒன்று, தை மாதப் பிறப்பன்று நம் வீட்டு வாசலில் தோகையோடு சாய்ந்து நிற்கும் கருஞ்சிவப்பு நிறமுள்ள பன்னீர்க் கரும்பு. தடித்தது, மிருதுவானது, பல் முளைத்த குழந்தையும் பல் உதிர்ந்த பாட்டியும் ஒருங்கே ஆசைப்படுவது. மற்றொன்று, நெல்லிக்குப்பம் ஆலைக்கும் சேத்தியாத்தோப்புக் கூட்டுறவு ஆலைக்கும் பாரம் பாரமாகச் செல்லும் ஆலைக் கரும்பு. இதைக் கடித்துப் பார்க்கத் துணிந்தவர்கள் பல் வைத்தியரைத் தேடிப் போக நேரலாம். அவ்வளவு நார், அவ்வளவு உறுதி.

பெயர் ஒன்று, இனிப்பும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் குணத்தில் மட்டும் ஏன் இத்தனை வேற்றுமை? ஆலைக் கரும்பின் உடம்பில் நாணலின் இரத்தம் ஓடுகிறது என்பதுதான் விடை. கெடிலத்தின் கரையிலும் கொள்ளிடத்தின் படுகையிலும் வெண்கொடி பிடித்தாற்போல் பூத்துக் கிடக்கிறதே, ஆடுமாடுகூட அதிகமாக விரும்பாத அந்த நாணல் புல்தான். அது எப்படிக் கரும்பின் வம்சத்தில் புகுந்தது, எதற்காகப் புகுத்தினார்கள், புகுத்திய பிறகும் நம் ஜில்லாக் குடியானவர்கள் ஏன் ஒரு முறை கண்ணீர் வடிக்க நேர்ந்தது என்பவையெல்லாம் அறிந்துகொள்ளத் தக்கவை. சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக் காப்பி அருந்துகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

கோதாவரியில் மூண்ட தீ

அதியமானின் முன்னோர்கள் இந்நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூறு சொல்லுகிறது. அன்று முதல் பல நூற்றாண்டுகள் நம்மவர்கள் கரணையை வெட்டி நட்டே கரும்பைப் பெருக்கி வந்தார்கள். நெல்லுக்கு விதை உண்டு. கரும்புக்கு விதை என்று எவரும் கண்டதில்லை. கரணையில் உள்ள கணுவிலிருந்து முளை கிளம்புகிறது. அது வளர்ந்து மீண்டும் கரணையாகிறது. ஆகவே தாய்க் கரும்பு எப்படியோ, அப்படியே பிள்ளையும் பேரனும். புதிய குணம் வருவதற்கு வழியே இல்லை.

இந்த நிலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கோதாவரி ஜில்லாவில் ஒரு கொள்ளைநோய் கிளம்பிற்று. செழித்து நின்ற கரும்பில் மேலிருந்து மூன்றாவது நான்காவது இலை மஞ்சளாகும். பிறகு தோகை முழுவதும் காயும். கரும்பை நெடுக்கில் பிளந்து பார்த்தால் உள்ளே செக்கச் செவேலென்று இருக்கும். அந்தச் சிவப்பின் நடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுக்கள் தெரியும். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த கள்ளின் வாடை அடிக்கும். இதுதான் செவ்வழுகல் நோய். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை செய்யும் வேலை. 1893-ம் ஆண்டிலேயே ஜாவாத் தீவில் வென்ட் என்ற டச்சு விஞ்ஞானி இந்தப் பூஞ்சையை இனம் கண்டு விவரித்திருந்தார்.

சென்னை ராஜதானியின் தாவர சாஸ்திரியாக இருந்த பார்பர் துரை கோதாவரிக்குச் சென்று பார்த்தார். மருந்து தெளித்து ஓட்டக்கூடிய வியாதி அன்று இது. பூஞ்சை கரும்பின் உள்ளே, சோற்றின் நடுவே குடியிருக்கிறது. வெளியே தெளிக்கும் மருந்து அங்கே எட்டுவதில்லை. ஆனால் எல்லாக் கரும்பும் ஒன்றுபோல் சாகவில்லை என்பதை அவர் கவனித்தார். சில ரகங்கள் தாக்குப் பிடித்தன. 1902-ல் சாமல்கோட்டையில் ஒரு பண்ணை ஏற்பட்டது. பல இடங்களிலிருந்து வருவித்த கரும்புகளை அங்கே நட்டுத் தாங்கும் ரகங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். மருந்தினால் ஆகாதது ரகத்தினால் ஆயிற்று.

பலம் பரம்பரையாக வருவது

நோயைத் தாங்கும் வன்மை ஒரு பயிருக்கு எங்கிருந்து வருகிறது? நல்ல எருவினாலா, நல்ல நிலத்தினாலா? இவையும் உதவும். ஆனால் அடிப்படை வேறு. 1905-ல் கேம்பிரிட்ஜில் பிஃபன் என்ற பேராசிரியர் கோதுமையைக் கொண்டு இதை நிரூபித்தார். துரு நோய்க்கு இரையாகும் கோதுமையையும் இரையாகாத கோதுமையையும் மணம் செய்வித்துப் பேரப்பிள்ளைகளை எண்ணிப் பார்த்தபோது, மெண்டல் பாதிரியார் பட்டாணிச் செடியில் கண்ட அதே கணக்கு இங்கேயும் வந்தது. செடியின் உயரத்தையும் பூவின் நிறத்தையும் போலவே நோயைத் தாங்கும் குணமும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் சொத்து என்று தெளிவாயிற்று. அந்தச் சொத்துப் பத்திரத்தின் ஒவ்வொரு ஷரத்தையும் இக்காலத்தில் மரபணு என்கிறோம்.

மரபணு என்ன செய்கிறது? உயிர்அணுவுக்குள் இருக்கும் நீண்ட நூலில் அது ஒரு சிறு பகுதி. இன்ன புரதத்தைச் செய் என்னும் கட்டளை அதில் எழுதப்பட்டிருக்கிறது. நோய் தாங்கும் பயிர்களில் சில மரபணுக்கள் காவற்காரனைச் செய்துவைக்கின்றன. அந்நியப் பூஞ்சையின் அடையாளத்தைக் கண்டதும் இந்தக் காவற்காரப் புரதம் கூக்குரல் எழுப்புகிறது. உடனே பூஞ்சை நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள அணுக்கள் தாமே மடிந்து, எதிரிக்கு உணவு கிட்டாமல் செய்துவிடுகின்றன. கிராமத்தில் ஒரு கூரை பற்றிக்கொண்டால் அடுத்த கூரையைப் பிரித்துப் போடுவதில்லையா? அதே யுக்திதான்.

செவ்வழுகலின் சிவப்பைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அந்தச் சிவப்பு பூஞ்சை பூசிய சாயம் அன்று; பூஞ்சையைத் தடுக்கக் கரும்பே சுரக்கும் நஞ்சின் நிறம். தாங்கும் ரகத்தில் இந்த நஞ்சு விரைவாகவும் போதிய அளவிலும் சுரக்கிறது. சிவப்பு ஒரு சிறு இடத்தோடு நின்றுவிடுகிறது. தாங்காத ரகத்தில் அது தாமதமாகவும் குறைவாகவும் சுரக்கிறது. அதற்குள் பூஞ்சை கணுவுக்குக் கணு தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே பிளந்த கரும்பில் நாம் பார்ப்பது வெறும் நோய் அன்று. தோற்றுப்போன ஒரு யுத்தத்தின் களம்.

கோயம்புத்தூரில் ஒரு கலப்பு மணம்

கரும்புக்கு விதை இல்லை என்று எண்ணியிருந்தது தவறு என்பது 1888-ம் ஆண்டளவில் ஜாவாவிலும் மேற்கிந்தியத் தீவான பார்படோசிலும் தெரியவந்தது. தகுந்த சீதோஷ்ணம் இருந்தால் கரும்பு பூக்கும். பஞ்சு போன்ற மெல்லிய விதையும் தரும். வட இந்தியாவில் பெரும்பாலும் நடக்காத இந்தக் காரியம் கோயம்புத்தூரில் தாராளமாக நடந்தது. ஆகவே 1912-ல் அங்கே கரும்பு வளர்ப்பு நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. பார்பர் துரை தலைமை வகித்தார். அவருக்குத் துணையாக ஸ்ரீ டி. எஸ். வெங்கட்ராமன் அமர்ந்தார். 1919 முதல் அவரே பொறுப்பை ஏற்றார். ஒரு தமிழர் அத்தகைய ஸ்தானத்தை வகிப்பது அக்காலத்தில் சாமானியமான விஷயம் அல்ல.

இவர்கள் செய்த முதல் பெரிய காரியம் ஒரு கலப்பு மணம். தாய், வெள்ளை என்ற பெயருள்ள தடித்த கரும்பு. தந்தை, கோயம்புத்தூர்ப் பக்கத்து நாணல். ஒரு புறம் இனிப்பும் சாறும். மறு புறம் இனிப்பே இல்லாத, ஆனால் வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் வியாதிக்கும் அசையாத முரட்டுப் புல். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் பிறந்த கோ 205 என்ற கரும்பு 1918-ல் பஞ்சாபுக்குச் சென்று அங்கே பழைய நாட்டுக் கரும்பைவிட மிகுந்த விளைச்சல் கொடுத்தது. அதைத் தொடர்ந்து ‘கோ’ என்னும் எழுத்தைத் தாங்கிய கரும்புகள் வரிசையாக வந்தன. அந்த எழுத்து கோயம்புத்தூரைக் குறிப்பது.

அதுவரையில் நம் தேசம் ஜாவாச் சர்க்கரையை நம்பி வாழ்ந்தது. 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தபோது வயலில் தயாராக நின்றவை கோயம்புத்தூர்க் கரும்புகள். சில ஆண்டுகளுக்குள் அந்நியச் சர்க்கரையின் தேவை பெரும்பாலும் தீர்ந்தது. இதே நிலையத்தில்தான் 1930-களில் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் கரும்பையும் அதன் சுற்றத்துப் புற்களையும் நுண்பெருக்கியின் கீழ் ஆராய்ந்தார். பெண்கள் விஞ்ஞானக் கூடத்துக்குள் நுழைவதே அரிதாயிருந்த காலம் அது.

இன்றைய ஆலைக் கரும்பின் பாரம்பரியச் சொத்தில் பெரும் பகுதி தடித்த கரும்பினுடையது. நூற்றில் பத்து முதல் இருபது பங்கு வரையில் நாணலுடையது. அந்தச் சிறு பங்குதான் முதுகெலும்பு.

கடலூர் பெற்ற பிள்ளை

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். கோயம்புத்தூரில் மணம் முடித்து எடுத்த விதையைப் பல மாகாணங்களின் ஆராய்ச்சி நிலையங்களுக்கு அனுப்புவது வழக்கம். அந்தந்த நிலையத்தார் அதை முளைக்க வைத்து, ஆயிரக்கணக்கான நாற்றுக்களில் தங்கள் மண்ணுக்கு ஏற்றவற்றைப் பல ஆண்டுகள் சோதித்துப் பொறுக்குவார்கள். கடலூரில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையம் அவ்வாறு பொறுக்கிய ரகங்களுக்குக் ‘கோக’ என்று பெயர். பின்னால் நிற்கும் ‘க’ கடலூரைக் குறிப்பது.

அவற்றுள் பெரும் புகழ் பெற்றது கோக 671. குவீன்ஸ்லாந்திலிருந்து வந்த கியூ 63 என்ற கரும்பு அதன் தாய். நம் கோ 775 தந்தை. சீக்கிரமாக முற்றும், சாற்றில் சர்க்கரைச் சத்து அபாரம். 1970-களில் வெளிவந்த இந்தக் கரும்பைக் கண்டு ஆலை முதலாளிகளும் குடியானவர்களும் ஒருங்கே மகிழ்ந்தார்கள். தமிழ்நாட்டோடு நில்லாமல் ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் வரையில் சென்றது. தென்னாற்காட்டின் கரையோரத்தில் வயலுக்கு வயல் இதுவே நின்றது.

பிறகு செவ்வழுகல் வந்தது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையோரத்திலும் புதுச்சேரிப் பகுதியிலும் கோக 671 அதற்கு இரையாயிற்று. பத்துப் பன்னிரண்டு மாதம் வயலில் நிற்க வேண்டிய பயிர், வெட்டுக்கு முன்னே காய்ந்து நின்றது. கரும்புக்காரனின் கணக்கு நெல்காரனின் கணக்கைப் போன்றது அன்று. வருஷம் முழுவதும் கடன் வாங்கிச் செலவழித்து, கடைசியில் ஒரே தடவை பணத்தைப் பார்ப்பவன் அவன். அந்த ஒரு தடவையும் போனால் பெண்ணின் கல்யாணமும் பையனின் படிப்பும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும். மறுதாம்பு விடவும் வழியில்லை. கட்டையிலேயே வியாதி தங்கியிருக்கும். அதற்குப் பின்னர் வந்த கோக 92061 முதலான வேறு சில ரகங்களும் இதே கதியை அடைந்தன.

நல்ல பலத்தோடு புறப்பட்ட ரகம் ஏன் தோற்றது? இரண்டு காரணங்கள்.

முதலாவது, எதிரி சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவில் ஃப்ளோர் என்பவர் 1940-களில் ஆளிச் செடியையும் அதன் துரு நோயையும் வைத்து ஓர் உண்மையைக் கண்டார். செடியில் ஒரு காவல் மரபணு இருந்தால், பூஞ்சையில் அதற்கு எதிர் ஜோடியாக ஒரு மரபணு இருக்கிறது. பூட்டும் சாவியும் போல. பூஞ்சையின் மரபணு சிறிது மாறினால் காவற்காரனுக்கு அடையாளம் தெரியாமல் போகிறது. திருடன் வேஷம் மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறான். செவ்வழுகலைத் தாங்கும் குணம் கரும்பில் ஒரே மரபணுவைப் பொறுத்ததன்று, பலவற்றின் கூட்டு வேலை. எனினும் பூஞ்சை வேஷம் மாற்றுவது இங்கேயும் நடக்கிறது. கோக 671-ஐ வீழ்த்திய பூஞ்சை வகைக்கு விஞ்ஞானிகள் சி.எஃப். 06 என்று எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். தென்னாட்டில் புதிய ரகம் எதுவானாலும் இந்தச் சத்துருவின் முன் நின்று காட்டியாக வேண்டும். அதன் உடலில் இந்தப் பூஞ்சையை ஊசி போட்டுச் செலுத்திப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. கரணையினால் பெருகும் பயிரில் ஒரு ரகம் என்பது உண்மையில் ஒரே ஒரு செடி. அந்தச் செடியின் துண்டுகளைத்தான் லக்ஷம் ஏக்கரில் நட்டிருக்கிறோம். ஒரு துண்டை வெல்லக் கற்றுக்கொண்ட பூஞ்சை எல்லாத் துண்டுகளையும் வெல்லக் கற்றுக்கொண்டதாகும். நம் ஜில்லாவிலோ ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் நீர் தேங்குகிறது. புயலில் கரும்பு சாய்கிறது. கடற்காற்றின் ஈரம் எப்போதும் உண்டு. பூஞ்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வறண்ட தக்காணத்தில் அதே கோக 671 நெடுங்காலம் பிழைத்திருந்ததற்கு இதுவும் காரணம்.

இது கடலூருக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் அன்று. 1938 முதல் 1942 வரையில் பீகாரிலும் ஐக்கிய மாகாணத்தின் கிழக்குப் பகுதியிலும் கோ 213 என்ற கரும்பு செவ்வழுகலால் அழிந்தது. நம் காலத்திலோ, 2009-ல் வெளிவந்த கோ 0238 வட நாட்டையே தன் வசமாக்கிக்கொண்டது. உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்த ஒரே ரகம் நின்ற நாளும் உண்டு. ஆலைகளுக்குச் சர்க்கரை பெருகிற்று. குடியானவர்கள் கையில் காசு புரண்டது. பத்தாண்டு முடிவதற்குள் செவ்வழுகல் புதிய வேஷத்தில் வந்து அதையும் பிடித்துக்கொண்டது. பழைய பாடத்தைப் படித்துவிட்டோம் என்று நினைத்தவர்கள் பரீட்சையில் மறுபடியும் தவறினார்கள்.

கோக 671-ன் கதை அதன் வீழ்ச்சியோடு முடியவில்லை. கோயம்புத்தூர் விஞ்ஞானிகள் அதன் இனிப்பை வீணாக்க மனமில்லாமல், கோ 62198 என்ற கரும்பைத் தாயாகவும் இதைத் தந்தையாகவும் வைத்து மற்றொரு மணம் செய்வித்தார்கள். பிறந்தது கோ 86032. தந்தையின் சர்க்கரைச் சத்தும், செவ்வழுகலை ஓரளவு தாங்கும் வன்மையும், வறட்சியில் வாடாத குணமும் அதில் சேர்ந்து வந்தன. 2000-ல் தென்னிந்தியாவுக்கென்று வெளியிடப்பட்ட அந்த ரகம் தமிழ்நாட்டின் கரும்பு நிலத்தில் மிகப் பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டது. கடலூர் பெற்ற பிள்ளை மாண்டது. பேரப்பிள்ளை தேசத்துக்குச் சர்க்கரை கொடுக்கிறது. சந்தோஷமான விஷயம்தான். ஆனால் மறுபடியும் ஒரே ரகம், ஒரே செடி என்று நாம் நிற்கிறோமே என்ற கவலையும் கூடவே எழுகிறது.

தில்லை வனத்தின் இரகசியம்

நோயைப் பற்றிப் பேசினோம். வறட்சியின் சங்கதி வேறு. நோய் வெளியிலிருந்து வரும் எதிரி. வறட்சியோ இருப்பது இல்லாமற்போகும் சங்கடம். தண்ணீர் குறைந்ததும் செடி தன் இலையிலுள்ள நுண்ணிய துவாரங்களை மூடிக்கொள்கிறது. மூடினால் நீர் மிஞ்சும், ஆனால் காற்றிலிருந்து கிடைக்கும் உணவு குறையும். வேரை ஆழமாக விடலாம். ஆனால் அதற்கும் செலவு உண்டு. வருமானம் குறைந்த குடும்பத்தில் எதை நிறுத்துவது, எதை நடத்துவது என்று இல்லத்தரசி யோசிப்பதைப் போன்ற நிலைமை. ஆகவே வறட்சி தாங்கும் குணம் ஒரே மரபணுவில் அடங்கிவிடுவதில்லை. வேரின் ஆழத்துக்கு ஒன்று, துவாரத்துக்கு ஒன்று, இலையின் மெழுகுக்கு ஒன்று என்று பல சிறு சொத்துக்கள் சேர வேண்டும். 2013-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பிலிப்பைன்ஸ் மேட்டுநிலத்து நெல் ஒன்றில் வேரைச் செங்குத்தாகக் கீழே செலுத்தும் மரபணுவைக் கண்டு, ஐ.ஆர். 64 நெல்லில் சேர்த்தார்கள்; வறட்சியில் அது கூடுதலாக விளைந்தது.

சிதம்பரம் பக்கத்துக்கு வந்தால் வறட்சிக்கு ஒரு விசித்திரமான ரூபம் உண்டு. சுற்றிலும் தண்ணீர், ஆனால் உப்புத் தண்ணீர். உப்பு மிகுந்த மண்ணிலிருந்து வேர் நீரை உறிஞ்ச முடியாது. ஆற்றங்கரையில் நின்று தாகத்தால் தவிப்பது போல் பயிர் வாடும். 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்து போன பிறகு கரையோர வயல்கள் பல இந்தத் துன்பத்தை அனுபவித்தன.

அந்த உப்பிலேயே பிறந்து அந்த உப்பிலேயே வளரும் மரங்களும் இதே பக்கத்தில் இருக்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே ஒரு கழிமுக மரத்தினால். தில்லை மரம் கிழித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு. கோயிலின் ஸ்தல விருக்ஷம் அதுவே. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களுக்கு இடையே உள்ள பிச்சாவரத்தில் அதை இன்றும் காணலாம். சுரபுன்னையும் வெண்கண்டலும் அதன் அண்டை வீட்டார். சுரபுன்னை உப்பை வேரிலேயே தடுத்து நிறுத்துகிறது. வெண்கண்டலோ உள்ளே விட்டு, இலை வழியாக வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறிய வேளையில் அதன் இலையை நாவால் தொட்டால் உப்புக் கரிக்கும்.

இந்த வெண்கண்டலின் மேல் சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி ஸ்தாபனத்தாரின் கண் விழுந்தது. ஸ்ரீ அஜய் பரிடாவின் தலைமையில் அதன் மரபணுக்களை ஆராய்ந்து, உப்புக் காலத்தில் விழித்தெழுபவற்றைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றுள் ஒன்று டிஹைட்ரின் என்னும் புரதத்தைச் செய்வது. அணுவில் நீர் வற்றும்போது உள்ளிருக்கும் மற்றப் புரதங்கள் சுருண்டு கெட்டுப்போகாமல் காத்து நிற்பது அதன் வேலை. நெல்மணி முற்றிக் காயும்போதும் இந்த வர்க்கத்துப் புரதங்கள்தான் முளையின் உயிரைக் காக்கின்றன. அந்த மரபணுவை நெல்லுக்குள் செலுத்தி ஆய்வுக்கூடத்தில் வளர்த்தபோது நெல் உப்பையும் நீர்க்குறைவையும் கூடுதலாகத் தாங்கியது. மரமும் புல்லும் இயற்கையில் மணம் செய்துகொள்ள இயலாது. ஆகவே இது சாதாரண ஒட்டு அன்று, மரபணு மாற்றம். அது குடியானவர்களின் வயலுக்கு இன்னும் வரவில்லை.

மரபணு மாற்றம் செய்யாமலே நடந்த காரியமும் உண்டு. ஒடிஸாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல், இரண்டு வாரம் வெள்ளத்தில் முழுகிக் கிடந்தாலும் உயிர் பிழைக்கும். அதற்குக் காரணமான மரபணுவை 2006-ல் கண்டுபிடித்து, ஒட்டு முறையிலேயே பல நெல் ரகங்களில் சேர்த்தார்கள். காவிரிப் பாசனத்தின் கடைமடைக்குப் பழக்கமான பொன்மணி என்னும் சி.ஆர். 1009 நெல்லும் அவற்றுள் ஒன்று. வருஷந்தோறும் வெள்ளத்தில் தத்தளிக்கும் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரங்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வழி ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறது. 2025 மே மாதத்தில் இந்திய சர்க்கார் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றில் பூசா டி.எஸ்.டி. நெல் 1 என்பதில் அந்நிய மரபணு எதையும் சேர்க்கவில்லை. நெல்லிலேயே டி.எஸ்.டி. என்ற ஒரு மரபணு இருக்கிறது. அது வறட்சியையும் உப்பையும் தாங்கும் வன்மைக்குத் தடை போடுவது. அந்தத் தடையைத் திருத்திவிட்டார்கள். கட்டுரையில் ஓர் எழுத்தை அடித்துச் சரி செய்வது போல. இதன் பலன் உண்மைதானா, திருத்தும் கருவியின் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகளைக் குடியானவர் சங்கங்களைச் சேர்ந்தவர்கள் எழுப்பியிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகளே. விதை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் வயல்.

இனி என்ன செய்வது?

மேலே சொன்ன ஒவ்வொரு வெற்றிக்கும் பின்னால் எவரும் மதிக்காத ஒரு செடி நிற்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். கரும்புக்கு நாணல், நெல்லுக்கு ஒடிஸாவின் பழைய ரகம், உப்புக்கு வெண்கண்டல். 1970-களில் நெல்லைக் குட்டையாக்கும் வைரஸ் நோய் ஒன்று ஆசியா முழுவதும் பரவியபோது, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். தாங்கும் குணம் உத்தரப் பிரதேசத்தின் காட்டு நெல் ஒன்றிலே கிடைத்தது. அந்தப் புல்லைச் சேகரித்தவர் வீண் வேலை என்று எறிந்திருந்தால் 1976-ல் வந்த ஐ.ஆர். 36 நெல் வந்திராது. மரபணுவை நாம் கண்டுபிடிக்கலாம், இடம் மாற்றலாம், திருத்தலாம்; இன்றுவரை நம் கையில் வந்தவை பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய செடி யுகயுகமாகத் துன்பப்பட்டுச் சேர்த்து வைத்தவையே.

ஆகையால் கண்ணூரில் கரும்பு வளர்ப்பு நிலையத்தார் காத்துவரும் பழங்கரும்புத் தொகுப்பு, உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்றான அது, நமக்கு ஒரு பொக்கிஷம். பிச்சாவரத்துச் சதுப்பைக் குப்பைமேடாகவும் இறால் குட்டையாகவும் ஆக்க முயல்வோர், வருங்காலத்தின் நெல்லையும் சேர்த்தே புதைக்கிறார்கள். கெடிலத்து நாணலைத் தீயிட்டுக் கொளுத்துமுன் அது ஆலைக் கரும்பின் பாட்டன் முறை என்று ஒரு கணம் நினைத்துக்கொள்வது நலம்.

குடியானவர்களும் ஆலைக்காரர்களும் செய்ய வேண்டியது தனியே உண்டு. ஒரே ரகத்தின் மோகத்தில் ஜில்லா முழுவதையும் அடகு வைக்கலாகாது. இனிப்பில் சிறிது குறைந்தாலும் இரண்டு மூன்று ரகங்களைப் பகிர்ந்து நட வேண்டும். ஆலைகள் அதற்கேற்ற விலை கொடுக்க வேண்டும். லாபத்தில் பங்கு கேட்பவர்கள் நஷ்ட பயத்திலும் பங்கு ஏற்பதுதான் நியாயம். வியாதி கண்ட வயலின் கரணையை எக்காரணத்தாலும் விதைக்கு எடுக்கக் கூடாது. சிவந்த தூரைத் தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும். அவ்வயலில் மறுதாம்பு விடாமல் ஒரு போகம் நெல் நட வேண்டும். மரபணு எவ்வளவு பலம் பொருந்தியதாயினும் இந்தச் சாதாரண ஜாக்கிரதைகளுக்கு ஈடாகாது.

கற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. 2024-ல் விஞ்ஞானிகள் ஆர் 570 என்ற கரும்பின் மரபு நூலை வாசித்து வெளியிட்டார்கள். மனிதனுடைய மரபு நூலில் சுமார் 300 கோடி எழுத்துக்கள். கரும்பினுடையதில் சுமார் 1000 கோடி. நமக்கு ஒவ்வொரு மரபணுவும் தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என்று இரண்டு பிரதிதான். கரும்புக்கோ எட்டு, பத்து, பன்னிரண்டு. இந்தப் பெரும் புத்தகத்தில் செவ்வழுகலைத் தடுக்கும் பக்கங்கள் எவை என்று தேடுவதற்குப் பல வாழ்நாட்கள் வேண்டும். விஞ்ஞானம் படிக்கும் நம் பிள்ளைகள் எல்லோரும் கணிப்பொறிக்கும் வைத்தியத்துக்குமே போக வேண்டும் என்று வீடுகளில் முடிவு கட்டிவிடுகிறோம். கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அண்ணாமலைநகரில் விவசாயக் கல்வி இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி நடக்கிறது. நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் சிறுவனோ சிறுமியோ அவற்றுள் ஒன்றில் நுழைந்து, அடுத்த செவ்வழுகல் வருமுன் அதற்கு எதிராக நிற்கும் கரும்பைத் தேடிக் கொடுக்கட்டும். புதிய ரகம் ஒன்றைப் பொறுக்கி எடுக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கிறது. ஆகையால் தேடுவதை இன்றே தொடங்கியாக வேண்டும்.